சீட்டைப் பிடித்த கை

சைக்கிள் பழகிய எல்லோருக்கும் ஒரு கை நினைவிருக்கும். குரங்குப் பெடல் போட்டு, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, ஒருவழியாகச் சீட்டில் ஏறி உட்கார்ந்த அன்று, பின்னால் சீட்டைப் பிடித்தபடி அப்பாவோ அண்ணனோ ஓடிவந்திருப்பார். அந்தக் கை சைக்கிளை ஓட்டவில்லை; மிதித்தது நாம்தான். கிளம்பும்போது ஒரு தள்ளு, மேட்டில் ஒரு தள்ளு, அது செய்தது அவ்வளவுதான். மூன்று வருடமாகப் பேட்டரி சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறேன். அது எப்படி இருக்கும் என்று கேட்பவர்களிடம் இந்தக் கையைத்தான் சொல்கிறேன்.

வீடு பாளையங்கோட்டையில், வேலை திருநெல்வேலி டவுனில். ஆறேழு கிலோமீட்டர் இருக்கும். வண்ணார்பேட்டை தாண்டி, சுலோசன முதலியார் பாலத்தில் தாமிரபரணியைக் கடந்து, ஜங்ஷன் நெரிசலில் புகுந்து, ஈரடுக்கு மேம்பாலம் ஏறி இறங்கினால் டவுன். காலையில் மேற்கு நோக்கிப் போக வேண்டும். ஆனி, ஆடியில் இந்த ஊரில் மேல்காற்று அடிக்கும். அது நேரே நெஞ்சில் மோதும். 50 வயதைத் தாண்டிய முழங்காலோடு சாதாரண சைக்கிளில் அந்தக் காற்றை எதிர்த்து இரண்டு ஆடி மாதம் போனேன். மூன்றாவது ஆடிக்கு முன்பே பேட்டரி சைக்கிள் வாங்கிவிட்டேன்.

ஏன் அவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாட் என்ற அளவை நாம் பல்பிலும் ஃபேனிலும்தான் பார்க்கிறோம். பழைய சீலிங் ஃபேன் ஒன்று ஓட 75 வாட் வேண்டும். உடற்பயிற்சி என்று தனியாக எதுவும் செய்யாத ஒருவர் மூச்சுவாங்காமல் அரை மணி நேரம் மிதித்தால், அவருடைய கால்கள் தருவதும் ஏறக்குறைய அவ்வளவுதான்: 75 முதல் 100 வாட். அதாவது நம் கால் ஒரு ஃபேன் ஓட்டும் கால்.

சமதளத்தில், காற்றில்லாத நேரத்தில், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்கு இது தாராளம். நானும் சைக்கிளும் சேர்ந்து சுமார் 90 கிலோ. அந்த வேகத்துக்கு எங்களுக்கு 50 வாட் போதும். அதில் பாதி, டயர் உருளும்போது நசுங்கி நசுங்கி நிமிர்வதில் போகிறது. மறுபாதி காற்றை விலக்கப் போகிறது. இந்த இரண்டில் காற்றுதான் பொல்லாதது. டயரின் பங்கு வேகம் கூடும் அளவுக்கே கூடும். காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் கனத்தில் ஏறும். அதனால்தான் 15-ஐ 25 ஆக்க வேண்டுமென்றால் 50 வாட்டுக்குப் பதில் 160 வாட் கேட்கிறது. வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, உழைப்பு மூன்று மடங்கு.

எதிர்காற்று இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. நான் 15-இல் போகிறேன், எதிரே காற்று 15-இல் வருகிறது என்றால், என் நெஞ்சுக்குக் காற்றின் வேகம் 30. தடை நான்கு மடங்கு. 50 வாட்டில் முடிந்த பயணத்துக்கு இப்போது 130 வாட். அதோடு மேம்பாலமும் சேர்கிறது. நம் ஊர் மேம்பாலங்கள் பெரும்பாலும் 30 அடி தூரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் ஏறுபவை. பார்வைக்கு அது மேடாகவே தெரியாது. ஆனால் 90 கிலோவை அந்தச் சரிவில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற இன்னொரு 120 வாட் வேண்டும். ஆடி மாதத்தில், மேம்பாலத்தின் ஏற்றத்தில், எதிர்காற்றில், வேகம் குறையாமல் போக மொத்தம் 250 வாட். ஒரு ஃபேன் ஓட்டும் காலிடம் மூன்று ஃபேனை ஓட்டச் சொல்வது போல அது.

இன்னொரு இடமும் உண்டு, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: கிளம்புவது. சிக்னலில் நின்ற சைக்கிளை நான்கு நொடியில் 15 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர சராசரியாக 200 வாட் தேவை. பச்சை விழுந்ததும் பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும், ஆட்டோ இடது பக்கம் நுழையும். நிதானமாகக் கிளம்பவும் முடியாது. பாளையங்கோட்டையிலிருந்து டவுன் போவதற்குள் எத்தனை முறை நின்று கிளம்புகிறோமோ அத்தனை முறை இந்த 200 வாட் வேண்டும்.

சைக்கிள் கஷ்டம் என்று நாம் சொல்வது முழு வழிக்குமான கஷ்டமல்ல என்பது இதிலிருந்து எனக்குப் புரிந்தது. முக்கால்வாசி வழியை நம் கால் தானே பார்த்துக்கொள்ளும். கிளம்பும் இடம், ஏறும் இடம், காற்று மோதும் இடம் ஆகிய சில இடங்களில்தான் கால் தோற்கிறது. அந்த இடங்களை நிரவக் குதிரைத்திறன் எல்லாம் தேவையில்லை. 250 வாட் மோட்டார் போதும். சட்னி அரைக்கும் மிக்ஸிக்கே 500 முதல் 750 வாட். 110 சிசி ஸ்கூட்டரின் எஞ்சின் 5,500 வாட்டுக்கு மேல் தரும். அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத மோட்டாரை வைத்துக்கொண்டு ஒரு ஆள் ஊருக்குள் போய்வர முடிகிறது என்றால், மீதிப் பத்தொன்பது பங்கு எதற்காக எரிகிறது என்று பெட்ரோல் பங்கில் நிற்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

நம் ஊர் வெயிலுக்கு இதில் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. மனித உடல் எரிக்கும் ஆற்றலில் 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்கு வருகிறது, மற்றதெல்லாம் சூடு. கால் 100 வாட் கொடுத்தால் உடல் 300 முதல் 400 வாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். வெளியே 35 டிகிரி இருக்கும்போது தோலுக்கும் காற்றுக்கும் வெப்பத்தில் வித்தியாசமே இல்லை. ஆகவே வியர்வை ஒன்றுதான் வழி. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துப்போகும். அந்தக் கணக்கில் அரை மணி நேர மிதிப்புக்குக் கால் லிட்டர் வியர்வை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், அலுவலகத்தில் பக்கத்தில் உட்கார நமக்கே கூச்சமாக இருக்கும். மோட்டார் பாதிக்கு மேல் சுமந்து, கால் 40 வாட் மட்டும் தந்தால், வியர்வை 100 மில்லியோடு நின்றுவிடும். அதையும் எதிரே வரும் காற்றே உலர்த்திவிடும். வேலைக்குச் சைக்கிளில் போகத் தயங்குகிறவர்களில் பலர் தூரத்தைவிட இந்தச் சட்டைக்குத்தான் பயப்படுகிறார்கள்.

என் சைக்கிளின் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில், வழக்கமான ஹப் இருக்கும் இடத்தில் இருக்கிறது. கையகல அலுமினிய டப்பா. ஒருமுறை மெக்கானிக் அதைத் திறந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நடுவில் செம்புக் கம்பிச் சுருள்கள், சுற்றிலும் வளையமாகக் காந்தங்கள், ஓரத்தில் கிரீஸ் பூசிய மூன்று வெள்ளை நைலான் பல்சக்கரங்கள். பழைய மோட்டார்களில் தேய்ந்து தேய்ந்து கரித்தூள் கொட்டும் பிரஷ் இதில் இல்லை. எந்தச் சுருளுக்கு எந்தக் கணத்தில் மின்சாரம் தர வேண்டும் என்பதைக் கன்ட்ரோலர் என்ற சிறு மின்னணுப் பெட்டி முடிவு செய்கிறது. காந்தம் எங்கே நிற்கிறது என்று உணரிகள் சொல்ல, அதற்குச் சற்று முன்னால் உள்ள சுருள் இழுக்கும். பின்னால் உள்ளது தள்ளும். மோட்டார் நான்கைந்து சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று வரும்படி அந்த நைலான் பற்கள் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டுகின்றன. உள்ளேயே ஒரு ஃப்ரீவீலும் உண்டு. அதனால் மோட்டார் நின்றாலும் சக்கரம் தன்பாட்டுக்கு உருளும், பாரமாக இழுக்காது.

இந்த மோட்டாருக்கு ஒரு பலவீனம் உண்டு. சக்கரம் நன்றாகச் சுழலும்போதுதான் அது மின்சாரத்தை ஓட்டமாக மாற்றும். மேட்டில் மிதிக்காமல், ஆக்சிலேட்டரை மட்டும் முறுக்கி, ஊர்ந்து ஊர்ந்து ஏறினால் மின்சாரத்தில் பெரும்பகுதி சுருளிலேயே சூடாகிவிடும். நைலான் பல் இளகுவதும் இப்படித்தான். ஏறும்போது கூடச் சேர்ந்து மிதிக்க வேண்டும். என் பார்வையில் ஆக்சிலேட்டரை மட்டும் நம்பி ஓட்டுகிறவர் இந்த வண்டியின் பாதியைத்தான் வாங்கியிருக்கிறார்.

மோட்டாரைச் சைக்கிளில் வைப்பது புது யோசனை இல்லை. 1895 டிசம்பர் 31 அன்றே அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் பின்சக்கர ஹப்பில் மின்மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். அதன் பேட்டரி 10 வோல்ட். மோட்டார் 100 ஆம்பியர் வரை இழுக்குமாம். ஆனால் அந்த வண்டிக்கு ஓட்டுபவரின் கால் என்ன செய்கிறது என்று தெரியாது. அந்தக் கேள்விக்கு விடை வர இன்னும் ஒரு நூற்றாண்டு ஆனது. 1993-இல் ஜப்பானில் யமஹா 'பாஸ்' என்ற சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெடலை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை ஓர் உணரி அளக்கும். அதே விகிதத்தில் மோட்டார் உதவும். மெல்ல மிதித்தால் மெல்ல, அழுத்தி மிதித்தால் அழுத்தி. கால் நின்றால் அதுவும் நிற்கும். சீட்டைப் பிடித்த கை இயந்திரமானது அப்போதுதான்.

ஜப்பானியர்கள் அதைச் சட்டமாகவே எழுதிவைத்தார்கள். முதலில் மனிதர் தரும் அளவுக்குச் சமமாக மட்டுமே மோட்டார் உதவலாம் என்று இருந்தது. 2008-இல், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் வரை இரண்டு மடங்கு உதவலாம் என்று திருத்தினார்கள். அதற்கு மேல் உதவி படிப்படியாகக் குறைந்து 24 கிலோமீட்டரில் பூஜ்யமாகிவிட வேண்டும். நான் முதலில் சொன்ன கணக்கோடு இதைப் பொருத்திப் பாருங்கள். கிளம்பும்போதும் ஏறும்போதும், அதாவது வேகம் குறைவாக இருக்கும் இடத்தில்தான், உதவி அதிகம். 2009-இல் தகுந்த சைக்கிள்களில் இரண்டு குழந்தைகளை ஏற்றிச் செல்லவும் அனுமதி வந்தது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, கூடையில் காய்கறி என்று அம்மாக்கள் மேட்டுத் தெருக்களில் ஏறிப்போவது அங்கே அன்றாடக் காட்சி.

நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் சைக்கிள்களில் இந்த அழுத்த உணரி இருப்பதில்லை. கிராங்க் அருகில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் வரிசையாகச் சிறு காந்தங்கள். பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது. அதனால் அரைச் சுற்று மிதித்த பிறகு திடீரென்று தள்ளும். நிறுத்தியபின் ஒரு கணம் தாமதமாக விடும். குறுகிய சந்தில் திரும்பும்போது இந்தத் தாமதம் உறுத்தும். பிரேக் லீவரிலேயே ஒரு சுவிட்ச் உண்டு. லேசாகத் தொட்டாலே மோட்டார் அணைந்துவிடும். வாங்கிய முதல் வாரம் பழக்க வேண்டியது லீவரைத் தொடும் அந்த விரலைத்தான்.

எங்கள் தலைமுறைக்கு இது வேறொரு வண்டியை ஞாபகப்படுத்தும். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-க்கும் பெடல் இருந்தது. மொபெட் என்ற சொல்லே மோட்டாரையும் பெடலையும் ஒட்டிச் செய்ததுதான். ஆனால் அந்தப் பெடல் ஸ்டார்ட் செய்வதற்கும், எப்போதாவது பெட்ரோல் தீர்ந்தால் ஊர்ந்து போவதற்கும்தான். மொபெட்டில் மோட்டாருக்குக் கால் துணை. இதில் காலுக்கு மோட்டார் துணை.

இந்திய விதியும் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் என்றால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமே அல்ல. லைசென்ஸ் வேண்டாம், பதிவெண் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம். லேபிளில் 250 என்று ஒட்டி உள்ளே பெரிய மோட்டாரை வைத்து விற்கும் வழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 25 என்ற எல்லைக்குக் காரணம் இருக்கிறது. மோதலின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் வெளிப்படும் ஆற்றல் நான்கு மடங்கு. சைக்கிளின் பிரேக்கும் ரிம்மும் ஃபோர்க்கும் 45, 50-க்குச் செய்யப்பட்டவை அல்ல. ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும் நான் போடாமல் இறங்குவதில்லை. தலைக்கு எந்த வண்டியிலிருந்து விழுகிறோம் என்பது தெரியாது.

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. எங்கள் தெருவில் அதை முதலில் கேட்டவர் பக்கத்து வீட்டு மதினி. வீட்டிலேயே கிரைண்டர் வைத்து இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவர். "மிதிச்சா சார்ஜ் ஏறுமா தம்பி?"

பழைய சைக்கிள்களில் டைனமோ இருந்தது. டயரோடு உரசவிட்டால் விளக்கு எரியும், கூடவே பெடலும் கனக்கும். வெறும் 3 வாட் வெளிச்சத்துக்கே அந்தக் கனம். என் பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர்; அதாவது 360 வாட்-அவர். நின்ற இடத்திலேயே, எங்கும் போகாமல், என் கால் தரக்கூடிய 100 வாட் முழுவதையும் அதற்குள் செலுத்தினாலும், வழியில் வீணாவது போக, நிரம்ப நாலைந்து மணி நேரமாகும். அதே வேலையைச் சுவரில் உள்ள பிளக் அரை யூனிட்டுக்கும் குறைவான மின்சாரத்தில் முடித்துவிடும். மின்சாரம் அவ்வளவு மலிவு என்பதைவிட, நாம் நினைப்பதைவிட நம் கால் எவ்வளவு எளியது என்பதைத்தான் இந்தக் கணக்கு காட்டுகிறது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மீட்கும் மோட்டார்களும் உண்டு. ஆனால் உள்ளே ஃப்ரீவீல் இருக்கும் என்னுடையது போன்ற ஹப்பில் அதுவும் நடக்காது.

பேட்டரிதான் இந்த வண்டியின் உயிர். 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்திராவிட்டால் நான் இன்றும் ஆடிக்காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். 360 வாட்-அவருக்குக் கார்களில் உள்ளதுபோல ஈயப் பேட்டரி வைத்தால் 10 கிலோ எடை. லித்தியத்தில் இரண்டு, இரண்டரை கிலோ. கழற்றிப் பையைப் போல மாடிக்கு எடுத்துப் போகலாம். 2019-இல் வேதியியல் நோபல் பரிசு குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் இந்தப் பேட்டரிக்காகத்தான் கிடைத்தது. உறையைத் திறந்தால் உள்ளே பென்சில் செல்லைவிடச் சற்றுப் பெரிய உருளைகள், 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், மொத்தம் 40. பத்துப் பத்தாகத் தொடரில் இணைத்தால் 36 வோல்ட். ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் கவனித்து, அளவு மீறினால் துண்டிக்கும் காவல் பலகை ஒன்றும் உள்ளே இருக்கும்.

அந்தக் காவலை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஒருமுறை சார்ஜர் பழுதாகி, ஒரு கடையில் புதிதாக வாங்கினேன். பிளக் கச்சிதமாகப் பொருந்தியது. சொருகும் முன் எதற்கோ அதன் பின்புறத்தைப் படித்தேன்: 54.6 வோல்ட். அது 48 வோல்ட் பேட்டரிக்கானது. என்னுடையது முழுச் சார்ஜில் 42 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. கடைக்காரர் மாற்றிக்கொடுத்துவிட்டார். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. நியூயார்க் நகரில் 2023-இல் மட்டும் லித்தியம் பேட்டரித் தீ விபத்துகளில் 18 பேர் இறந்தார்கள். தரமற்ற பேட்டரிகளும் பொருந்தாத சார்ஜர்களும் அங்கே பெரிய காரணங்கள். அதே ஆண்டு அந்த நகரம் சான்றிதழ் பெறாத மின்சார சைக்கிள்களின் விற்பனையைத் தடைசெய்தது. நான் இப்போது வெயிலில் வந்த பேட்டரியை அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் சார்ஜ் போடுகிறேன். படுக்கும் முன் எடுத்துவிடுகிறேன். வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்துச் சார்ஜ் போடுவதும் இல்லை. ஏதாவது ஆனால் வெளியே ஓட வேண்டிய வழி அது.

செலவைப் பற்றி விளம்பரங்கள் பாதியைத்தான் சொல்கின்றன. ஒரு சார்ஜில் எனக்கு 30, 35 கிலோமீட்டர் கிடைக்கிறது. யூனிட் எட்டு ரூபாய் என்றே வைத்தாலும் கிலோமீட்டருக்குப் பத்துக் காசு. பெட்ரோல் ஸ்கூட்டருக்கு இரண்டு ரூபாய். ஆனால் பேட்டரி தேய்ந்துகொண்டே இருக்கிறதே. 500 முறை சார்ஜ் ஏற்றியபின் அதன் கொள்ளளவு கண்கூடாகக் குறையும். 10,000, 12,000 ரூபாய் கொடுத்து மாற்றும் நாளில் அதை ஓடிய தூரத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு எழுபது, எண்பது காசு. ஆக, உண்மையான செலவு மின்சாரத்தில் இல்லை, பேட்டரியின் ஆயுளில் இருக்கிறது. அதையும் சேர்த்தே ஒரு ரூபாய்க்குள் முடிகிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

உலகத்தில் இது எங்கெங்கே பரவியது என்று பார்த்தால் கணக்கு மெய்யாவது தெரியும். நெதர்லாந்து உள்ளங்கை போல் தட்டையான நாடு. மேடு அரிதான அங்கே புதிதாக விற்கும் சைக்கிள்களில் ஏறக்குறைய பாதி மின்சார சைக்கிள்கள். காரணம் கடற்காற்றும் முதுமையும். ஜெர்மனியில் 2023-இல் முதல்முறையாகச் சாதாரண சைக்கிளைவிட மின்சார சைக்கிள் அதிகம் விற்றது, சுமார் 21 லட்சம். சீனாவில் இந்த வகை வண்டிகள் 30 கோடிக்கும் மேல். ஆனால் அங்கே ஓடுபவற்றில் பெரும்பாலானவை பெயருக்குப் பெடல் வைத்த ஸ்கூட்டர்கள்.

மோட்டார் இருந்தால் உடம்புக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். ஐரோப்பாவின் ஏழு நகரங்களில் 10,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வு 2019-இல் வெளியானது. மின்சார சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் சாதாரண சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் வார உடலுழைப்பு ஏறக்குறைய சமம் என்று அதில் தெரிந்தது. ஒவ்வொரு மிதியிலும் உழைப்பு குறைவுதான். ஆனால் அவர்கள் இன்னும் தூரம் போகிறார்கள். என் அனுபவமும் அதுவே. முன்பு வாரத்தில் இரண்டு நாள் போனேன், மற்ற நாள் பஸ். இப்போது ஆறு நாளும் போகிறேன்.

குறைகளும் இல்லாமல் இல்லை. வண்டி 20 கிலோவுக்கு மேல். பாதி வழியில் சார்ஜ் தீர்ந்தால் அந்தப் பாரத்தை நாம்தான் இழுக்க வேண்டும். பின்சக்கரத்தில் ஒயர் போவதைப் பார்த்ததும் பஞ்சர் கடைக்காரர்கள் கையை எடுத்துவிடுகிறார்கள். வண்ணார்பேட்டையில் ஓர் அண்ணாச்சி மட்டும் சக்கரத்தைக் கழற்றாமலே டயரை ஒரு பக்கம் நெம்பி, டியூப்பை வெளியே இழுத்து, வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைத் தேய்த்துச் சொல்யூஷன் தடவி ஒட்டிக்கொடுக்கிறார். சைக்கிளுக்கு எப்போதும் அப்படித்தானே ஒட்டுவோம் என்றார். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ரோடு. 50-இல் போகும் பஸ்ஸுக்கும் நிறுத்திவைத்த காருக்கும் நடுவில் ஒதுங்க ஒரு முழம் இடம் கிடைப்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் விவசாயம் அல்லாத வேலைக்குச் சைக்கிளில் போனவர்கள் சுமார் 2.6 கோடி. ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிளில் போனவர்களும் ஏறக்குறைய அவ்வளவு பேர்தான். அந்த 2.6 கோடிப் பேருக்காக எந்த ஊரில் யார் ரோட்டில் கோடு போட்டார்கள்?

மதினிக்கு வருகிறேன். அவர் பிறந்தது புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் அங்கே ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஊர் பார்க்கச் சைக்கிள் ஓட்டினார்கள். அவர்களில் மதினியும் ஒருவர். கல்யாணமாகி இங்கே வந்தபின் விட்டுப்போனது. அன்று இருபது வயதில் பழகியவர்களுக்கெல்லாம் இன்று ஐம்பது தாண்டியிருக்கும். கால் மறந்திருக்காது, மூட்டுதான் இடம் கொடுக்காது. மாவுப் பாக்கெட்டுகளை இப்போது ஆட்டோவில் அனுப்புகிறார், ஒரு நடைக்கு எண்பது ரூபாய்.

போன மாதம் ஒருநாள் சாயங்காலம் வண்டியைக் கேட்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். முதல் உந்தில் பதறி பிரேக்கைப் பிடித்தார். இரண்டாவது முறை தெருக்கோடி வரை போய், திரும்பி, மேட்டில் மூச்சுவாங்காமல் வந்து நின்றார். நன்றாக இருந்ததா என்று நான் கேட்கும் முன்பே குனிந்து கேரியரை அசைத்துப் பார்த்தார்.

"இதுல இருவது கிலோ மாவு வைக்கலாமா தம்பி?"

கேரியர் 25 கிலோ தாங்கும், வைக்கலாம் என்றேன். சமதளத்தில் 20 கிலோ கூடினால் ஆறு வாட்தான் அதிகம். ஆற்றைத் தாண்டி, மேம்பாலத்தில் ஏறும்போதுதான் கூடுதலாக முப்பதுக்கும் மேல் கேட்கும், அங்கே கொஞ்சம் அழுத்தி மிதிக்கணும் என்றும் சொன்னேன்.

அவர் விரல்விட்டு எண்ணினார். "பாலத்துக்கு இங்கிட்டே பதினோரு கட இருக்கு தம்பி."